சகலை வீட்டு ஓட்ஸ்

காலை நடைக்குப் போய்விட்டு வந்த என் மனைவியின் பல்லிடுக்கில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ரேஸ் கோர்ஸ் நடைபாதையைச் சுற்றி எத்தனையோ மரங்கள் நிற்கின்றன. கறிவேப்பிலை மரம் நின்று நான் பார்த்ததில்லை. நின்றாலும், நடக்க வருகிறவர்கள் அதை மேய்ந்துகொண்டே நடக்கிற வழக்கம் கோயமுத்தூரில் இன்னும் வரவில்லை.

நான் தட்டை எடுத்து வைத்தேன். கோதுமை ரவை உப்புமா, ஆவி பறக்க.

"நீங்க சாப்புடுங்க. நான் அக்கா ஊட்டுலயே சாப்புட்டு வந்துட்டேனுங்க," என்றாள்.

"அப்படியா? அக்கா என்ன செஞ்சாங்க?"

"ஓட்ஸுங்க. அக்கா இல்ல, மாமா செஞ்சாரு."

மாமா செஞ்சாரு. அந்த இரண்டு வார்த்தையில் என் உப்புமா ஆறிப்போனது.

மாமா என்று அவள் சொல்வது அவளுடைய அக்காவின் கணவரை. எனக்குச் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களுக்கென்று தமிழில் தனியாக ஒரு உறவுப் பெயர் இருப்பதே, அவர்கள் காலம் முழுக்க ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருக்கட்டும் என்றுதான் என்பது என் கருத்து. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரை அளந்துகொண்டிருக்கிறேன். அவர் என்னை அளப்பதே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. அறுபதை நெருங்கியும் அவருக்குத் தலை நிறைய முடி. எனக்கு முடி போன நஷ்டத்தை வயிறு ஈடு கட்டிக்கொண்டிருக்கிறது. கணபதியில் அவருக்கு ஒரு பட்டறை உண்டு. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற பட்டறை. அதை மகன் கையில் கொடுத்துவிட்டு இப்போது காலை நேரத்தில் சும்மா இருக்கிறார். சும்மா இருக்கிற மனிதன் பேப்பர் படிக்கலாம், மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கலாம். இவர் சமைக்கிறார்.

நான் சமைத்தால் அதற்கு நியாயம் இருக்கிறது. நான் கருமத்தம்பட்டியில் தறிக்காரர்களிடம் துணி வாங்கி வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறவன். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு ஏதாவது ஒரு தறிக்குடோன் சத்தத்தில். என் மனைவி சாயங்காலம் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். நான் வீடு வந்து சேரும்போது அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மிச்சமிருப்பது காலை ஒரு வேளைதான். அந்த ஒரு வேளைக்காகத்தான் நான் இந்த வயதில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் அந்த மனிதர் ஒரு சட்டி ஓட்ஸைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் டாக்டர். "சுகர் பார்டர்ல நிக்குதுங்க, இட்லி தோசையக் கொறச்சுக்குங்க, நடங்க," என்றார். அக்கா வீடு ரேஸ் கோர்ஸ் பக்கத்தில். சிங்காநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் போய், அக்காவோடு நடந்து, திரும்பி வருவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் சாப்பாடு எப்போது நுழைந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஓட்ஸுன்னா நம்ம கடையில விக்குமே, கொழகொழன்னு, அதுதானே?" என்று கேட்டேன், உப்புமாவை அளைந்துகொண்டே.

"இல்லீங்க, இது ஸ்டீல் கட்டுங்க."

"அவரு காலம் பூரா ஸ்டீல் கட்டுதானே பண்ணிட்டிருந்தாரு? பட்டறைய ஊட்டுக்கே கொண்டு வந்துட்டாரா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா? கிண்டாதீங்க."

கிண்டாதீங்க என்பது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பலமுறை ஒலிக்கிற வார்த்தை. கிண்டல் பண்ணாதீங்க, வாயைக் கிண்டாதீங்க, பழசைக் கிண்டாதீங்க எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் சுருக்கி வைத்திருக்கிறாள். நானும் அதற்குப் பழகிவிட்டேன். எருமை மழைக்குப் பழகின மாதிரி, உறைப்பதில்லை.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஒவ்வொரு பருக்கையும் தனியா பல்லுல படுது. ஆனா வறவறன்னு இல்ல, சுத்தியும் பாலாட்ட ஒரு வழுவழுப்பு. மெல்ல மெல்ல நல்லாருக்கு," என்றாள்.

எங்கள் ஊர்ப் பேச்சைத் தெரியாதவர்களுக்கு இதில் உள்ள கொடுமை புரியாது. இந்தப் பக்கத்தில் மரியாதை அதிகம். நாயை விரட்டினாலும் "போங்க அக்கட்டால" என்றுதான் விரட்டுவோம். அதனால் உன் சமையல் மோசம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "நல்லாருக்குதுங்க, ரொம்ப நல்லாருக்குதுங்க" என்று ங்க மேல் ங்க அடுக்கினால், வாயில் வைக்க முடியவில்லை என்று பொருள். உண்மையிலேயே பிடித்துவிட்டால் மட்டும்தான் மனிதர்களுக்கு மரியாதை மறந்துபோகும். அவள் இப்போது பேசியதில் ஒரு ங்க கூட இல்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

"அம்மணி, வயிறு எரியுது," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று.

"கேஸாட்ட இருக்குதுங்க," என்று சொல்லி, ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாளே களத்தில் இறங்கினேன். முதலில் கடையில் கிடைத்த சாதா ஓட்ஸ் வாங்கினேன். அது அவல் மாதிரி தட்டையாக இருந்தது. தண்ணீரைக் கண்டதும் தன்னை மறந்தது. சட்டியில் கிடந்ததைக் கொண்டு ஒரு எலக்‌ஷனுக்கே போஸ்டர் ஒட்டியிருக்கலாம். என் மனைவி ஒரு வாய் வைத்தாள். "நல்லாருக்குதுங்க. நீங்க செஞ்சதுங்களா? பரவால்லைங்களே," என்றாள். அடுத்த நாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

பிறகு பெரிய கடையில் தேடி, நிஜமான ஸ்டீல் கட் வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நொய். அரிசி நொய், கோதுமை நொய் மாதிரி ஓட்ஸ் நொய். முழு மணியை இரண்டாக மூன்றாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாக்கெட்டில் நொய் என்று எழுதியிருந்தால் எங்கள் தெருவில் ஒருவர்கூட வாங்கியிருக்க மாட்டார். ஸ்டீல் என்று எழுதியதும் கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

நொய் என்று தெரிந்த பிறகு என்ன கவலை? அரிசிம்பருப்புச் சாதம் செய்கிற கை இது. அரிசியைக் கழுவுகிற மாதிரி கழுவினேன். தண்ணீர் தெளியத் தெளியக் கழுவ வேண்டும் என்பது சட்டம்; இது தெளியவே இல்லை. கழுவக் கழுவப் பால் விட்டுக்கொண்டே இருந்தது. பொறுமை போய்க் குக்கரில் போட்டு மூடினேன். குக்கர் என்றால் விசில் அடிக்க வேண்டும் இல்லையா? இது அடிக்கவில்லை, துப்பியது. வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெள்ளை நுரை பீறிட்டு, அடுப்பு, டைல்ஸ், காலண்டரில் இருந்த முருகன் வரை அபிஷேகம் ஆகிவிட்டது. துடைத்து முடிப்பதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சாப்புட்டு வந்துட்டேனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

வேறு வழியில்லை, உளவு பார்க்கத் தீர்மானித்தேன்.

"நாளைக்கு நானும் நடக்க வாரேன்," என்றேன்.

"நீங்களா? எங்கீங்க?" என்று கேட்டாள். மொட்டை மாடி வரைக்கும் என்று நினைத்திருக்கலாம்.

ரேஸ் கோர்ஸை ஒரு சுற்றுச் சுற்றினேன். என்னைவிட மூத்தவர்கள் எல்லாம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று மரியாதையாகக் கேட்டு என்னைத் தாண்டிப் போனார்கள். மூச்சு வாங்க அக்கா வீட்டுக் கதவுக்குள் நுழைந்தபோது, உள்ளே நெய் மணம் வந்தது. அடுப்படியில் சகலை. இடுப்பில் ஒரு ஏப்ரன், அதில் சிவப்புச் சிவப்பாகச் செர்ரிப் பழங்கள்.

"வாங்க வாங்க சகலை! அதிசயமா இருக்குது. நீங்களும் நடக்கறீங்களா?"

"எங்கீங்க, இழுத்துட்டு வந்துட்டாங்க. அதென்னங்க இடுப்புல, பேத்தியோட கவுனா?"

"மருமக வாங்கிக் குடுத்துச்சுங்க," என்று சிரித்தார்.

"கிரீஸ் பட்ட காக்கிச் சட்டையில சிங்கமாட்ட நின்ன மனுசன். இப்பச் செர்ரிப் பழத்துல நிக்கறாரு. சாயங்காலம் பூ வெச்சுக்குவீங்களா சகலை?"

அவர் அதற்கும் சிரித்தார். அவருடைய சிரிப்பில் எனக்குப் பிடிக்காதது, அது நிஜமான சிரிப்பு. என் மனைவி பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள். "கிண்டாதீங்கன்னு சொன்னேனில்ல?"

தட்டு வந்தது. குறை கண்டுபிடிக்கிறவனுடைய கூர்மையோடு கவனித்தேன். கரண்டியிலிருந்து விழுந்தபோது அது தொப்பென்று விழவில்லை. தண்ணீராக ஓடவும் இல்லை. மெதுவாகச் சரிந்து, தட்டில் தன் இடத்தைப் பார்த்து உட்கார்ந்தது. மேலே சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் ஒரு கை. வாயில் வைத்தேன். பருக்கை பல்லுக்கு நடுவே ஒரு கணம் எதிர்த்து நின்றது. வெந்த பச்சைப்பயறு நிற்குமே, அந்த மாதிரி. பிறகு விட்டுக்கொடுத்தது. உள்ளே லேசாக ஒரு வறுத்த ருசி. சுற்றியிருந்த வழுவழுப்பு நாக்கில் ஒட்டவில்லை, வழிவிட்டது. குறை தேடுவதற்காக இரண்டாம் தரம் வாங்கினேன். மூன்றாம் தரம் வாங்கியும் கிடைக்கவில்லை.

"எப்படி இருக்குதுங்க சகலை?"

"நல்லாருக்குதுங்க. ரொம்ப நல்லாருக்குதுங்க சகலை," என்றேன், எடுத்துவைக்க முடிந்த ங்க எல்லாவற்றையும் எடுத்துவைத்து.

செய்முறையைக் கேட்க எனக்கு மானம் தடுத்தது. அவர் கேட்காமலே சொன்னார். அதுதான் அவர். ஒளித்து வைத்தாலாவது திருட்டுப் பயல் என்று ஒரு பெயர் வைக்கலாம். "அது ஒண்ணும் கம்பசூத்திரமில்லீங்க. சித்த நெய் உட்டு, வாசம் வர்ற வரைக்கும் வறுத்துக்கோணும். ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணி, கொதிக்கக் கொதிக்க ஊத்தோணும். பச்சத் தண்ணி ஆகாது. அப்புறம் தீயச் சின்னதாக்கி, பாதி மூடி வெச்சுருங்க. உப்பு கடைசியில. தண்ணி முழுசா வத்தறதுக்கு முன்னாலயே அடுப்ப அமத்தி, நல்லா மூடி, சித்த நேரம் உட்டுப்போடுங்க. மிச்சத் தண்ணிய அதுவே குடிச்சுக்கும்."

மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே லிப்ட்டுக்குள் போய்விட்டார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சகலை கதவருகே வந்து என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாஞ் சொல்லிட்டனுங்க சகலை. கிண்டாம மட்டும் இருங்க. கிண்டுனா எல்லாங் கெட்டுப்போயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதரை நான் எத்தனை வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அவருடைய கல்யாண ஃபோட்டோவிலிருந்து இன்றைய செர்ரிப் பழம் வரை ஒன்றையும் விட்டதில்லை. ஒரு தரமாவது முகம் சுளித்திருப்பாரா? இன்றைக்குத்தான் சொல்லிவிட்டார். உறவே கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார். உள்ளுக்குள் எங்கேயோ நொந்திருக்கிறார்!

வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்துக்குக் கீழே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அப்பாடா, இந்த மனிதருக்கும் வலிக்கிறது.

அன்றிலிருந்து வாயைக் கட்டினேன். ஃபோனில் பேசினால், "நல்லாருக்கீங்களா? அக்கா சௌக்கியங்களா? தம்பி பட்டறையெல்லாம் எப்படிப் போகுதுங்க?" என்று மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி பேசினேன். ஒரு விசேஷ வீட்டில் அவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண் முன்னால் வந்து நிற்கிற மஞ்சள் சட்டை. எவ்வளவு பெரிய வாய்ப்பு! "சட்டை எடுப்பா இருக்குதுங்க சகலை," என்று சொல்லிவிட்டு ரசம் குடித்தேன். ரசம் கசந்தது.

இரண்டு நாள் கழித்து என் மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்ன?"

"மாமா கேட்டாருங்க, சகலைக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதான்னு. பயந்துட்டாரு."

வாய் சும்மா இருக்க, கை சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் அடுப்படியில் நின்று சகலை சொன்ன செய்முறையை வரி பிசகாமல் செய்தேன். நெய் விட்டேன், வாசம் வர வறுத்தேன், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். அப்புறம் கிண்டினேன். ராகிக் களி கிண்டுகிற மாதிரி, சட்டியைக் காலால் பிடிக்காத குறையாக. அடி பிடிக்கிறதா என்று கிண்டினேன், வெந்துவிட்டதா என்று கிண்டினேன், அந்த மஞ்சள் சட்டையை நினைத்து ஒரு சுற்றுக் கூடுதலாகக் கிண்டினேன். பருக்கையெல்லாம் கரைந்து, கடைசியில் கரண்டியை நட்டால் கரண்டி கொடிக்கம்பமாக நின்றது.

எங்கேயோ ஒன்றை ஒளித்துவிட்டார் என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. என்னவாக இருக்கும்? நெய்யா? எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கடை நெய். ஓட்ஸா? அதே பாக்கெட். யோசித்து யோசித்து ஒருநாள் பல் தேய்க்கும்போது பிடிபட்டது. தண்ணீர்! அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி. எங்கள் பக்கம் பில்லூர் அணைத் தண்ணீர். கோயமுத்தூர்க்காரனிடம் எதில் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சிறுவாணித் தண்ணீரின் ருசியில் மட்டும் சொல்ல முடியாது. காப்பி நன்றாக இருந்தால் சிறுவாணி, சோறு பூவாக வெந்தால் சிறுவாணி, பிள்ளை பரீட்சையில் பாஸானாலும் சிறுவாணி என்கிற ஊர் இது. ஓட்ஸுக்கு மட்டும் என்ன?

"அக்கா ஊட்டுலருந்து ஒரு கேன் தண்ணி கொண்டு வா அம்மணி."

"தண்ணிங்களா? எதுக்கு?"

"காப்பி போட்டுப் பாக்கலாம்னு."

பாவம் அவள், ஸ்கூட்டரின் முன்னால் கேனை வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் அதில் செய்தேன். சிறுவாணித் தண்ணீரில் செய்த பசை கிடைத்தது. நல்ல ருசியான பசை. இவ்வளவுக்கும் பிறகும் என் மனைவி காலையில் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் எதிரே காலியான நாற்காலியை வைத்துக்கொண்டு பசையைத் தின்றுவிட்டுக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். தறிச் சத்தத்தில் ஒரு தறிக்காரர், "என்னங்க, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். ஓட்ஸ் என்று சொல்ல முடியுமா?

அப்படியிருக்க, சகலையும் அக்காவும் வால்பாறைக்குக் கிளம்பினார்கள். எஸ்டேட்டில் யாரோ சிநேகிதர் வீடு. அன்று காலையில் சாரல் வேறு. நடையும் இல்லை, அக்கா வீடும் இல்லை. என் மனைவி தலையை முடிந்துகொண்டே அடுப்படிக்கு வந்தாள்.

"ஏதாவது ஒண்ணு செய்யுங்க," என்றாள். அதைவிட நல்ல அழைப்பு எனக்கு அதுவரை வந்ததில்லை.

நெய் விட்டேன். வறுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். கரண்டியை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, எதுக்கு இப்படிக் கிண்டறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானா? நான் வாயே தொறக்கலையே! சகலை சொன்னதுலருந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கிண்டிருப்பனா? அந்த மஞ்சச் சட்டைக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல, தெரியுமா?"

"மாமா உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"வெளிய சொல்ல வேண்டாம்னு இருந்தேன். மனசு நொந்து சொன்னாரு. கிண்டாம இருங்க சகலை, கிண்டுனா எல்லாங் கெட்டுப்போயிரும்னு. கதவுகிட்ட நின்னு, தோளத் தொட்டுச் சொன்னாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று குனிந்தேன். சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஓட்ஸ! ஓட்ஸக் கிண்டாதீங்கன்னு சொல்லிருக்காரு! உங்களச் சொல்லல! கிண்டுனா மாவு எறங்கிக் கொழகொழன்னு ஆயிரும், அத விட்டுப்போட்டாத்தான் பருக்கை நிக்கும்!"

நான் கரண்டியோடு நின்றேன். சிறுவாணி ஞாபகம் வந்தது, ரசம் ஞாபகம் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் விட இன்னொன்று என்னை அடித்தது. அப்படியானால் அந்த மனிதர் நோகவே இல்லை. இத்தனை வருஷம் நான் எறிந்த கல் ஒன்றுகூட அவர் மேல் படவில்லை. அவருக்கு வலித்தது என்று நான் பத்திரமாக வைத்திருந்த ஒரே சந்தோஷமும் போயிற்று. என்னுடைய கிண்டல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை; அவருடைய மனதில் அந்த நேரத்தில் இருந்ததெல்லாம் என் ஓட்ஸ் நன்றாக வர வேண்டும் என்ற கவலை. இப்படி ஒருவர் மேல் பொறாமைப்படாமல் வேறு என்னதான் செய்வது?

"அதக் கொட்டுங்க. வேற வைங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுபடி வைத்தேன். தீயைச் சின்னதாக்கிப் பாதி மூடியதும், அவள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நான் எதிரே. அடுப்பில் குபுக், குபுக் என்று ஒரு சத்தம். எழுந்து போய் ஒரே ஒரு தரம் மூடியைத் திறந்து பார்க்கக் கால் துடித்தது. எழுந்தேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம். அந்தச் சங்கடத்தில்தான் கேட்டேன்.

"அங்க அவ்வளவு நல்லாருக்குதா அம்மணி? ஒரு நாள்கூட இங்க சாப்புடோணும்னு தோணலையா?"

அவள் கரண்டியின் காம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஓட்ஸுக்காகப் போகலீங்க. நீங்க தட்ட வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்து என் மூஞ்சியவே பாப்பீங்க. நான் முழுங்கறதுக்குள்ள எப்படி இருக்குது, எப்படி இருக்குதும்பீங்க. நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே பசி போயிருது. மாமா தட்ட வெச்சுட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருவாரு."

எனக்குச் செடி இல்லை. அது வாய் வரைக்கும் வந்தது. நாலைந்து நல்ல கிண்டல்கள் வரிசையில் நின்றன. விழுங்கினேன். "அப்படியா?" என்று மட்டும் சொன்னேன். அவள் சொன்னது சரி. அந்தக் கணத்தில்கூட நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். எதிர் வீட்டு மாடியில் நனைகிற துணியை ஒருவரும் எடுக்கவில்லை.

உப்புப் போட்டு, அடுப்பை அமத்தி, மூடி, விட்டுப்போட்டோம். தாளிப்பு அவள் கொட்டினாள். தட்டில் போட்டபோது அது சரிந்து உட்கார்ந்தது. சகலை வீட்டில் உட்கார்ந்த அளவுக்கு நளினம் இல்லை. கொஞ்சம் பருமனான ஆள் உட்கார்ந்த மாதிரி. ஆனால் பருக்கை தெரிந்தது.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நான் நனைகிற துணியைப் பார்த்தேன். எப்படி இருக்குது என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்து, இறங்கி, மறுபடி வந்தது. என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து அதை அடைத்தேன். மெல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இட்லி என்றால் சட்னியில் தோய்த்து நாலு விழுங்கல். உப்புமா என்றால் அதற்கும் குறைவு. அவள் எழுந்து கை கழுவிவிடுவாள். இதை விழுங்க முடியாது. ஒவ்வொரு வாயையும் மென்றாக வேண்டும். அவள் மென்றுகொண்டே பேசினாள். ட்யூஷனுக்கு வருகிற ஒரு பெண் பின்னத்தைத் தலைகீழாகப் போடுகிறாளாம். மகள் பெங்களூரில் வீடு மாற்றப் போகிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. நடுநடுவே மாமா அப்படிச் சொன்னாரு, மாமா இப்படிச் சொன்னாரு என்று அந்த மனிதரும் வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் ஒழியவில்லை, நானும் மென்றுகொண்டிருந்தேன்.

சாரல் நின்று, எதிர் வீட்டில் யாரோ வந்து துணியைப் பிழிந்து மறுபடி உலர்த்திவிட்டுப் போனார்கள். நாங்கள் இன்னும் பாதித் தட்டைத் தாண்டவில்லை. இவ்வளவு நீளமான ஒரு காலை வேளை எங்கள் வீட்டில் நடந்து எத்தனையோ நாள் ஆகிறது. இவ்வளவு நேரமும், தினமும், அக்கா வீட்டில் அல்லவா செலவாகிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது ரோஸ் மருந்து கேட்கிற அளவுக்கு எரிந்தது.

"நாளைக்கு நான் நடந்துட்டு வர்றதுக்குள்ள அடுப்புல வெச்சுரு," என்றாள். சொல்லிவிட்டு, "வெச்சுருங்க," என்று திருத்திக்கொண்டாள்.

நான் எழுந்து சட்டியை எடுத்து வந்தேன். அவள் தட்டில் ஒரு கரண்டி வைத்தேன்.

"போதுங்க, போதுங்க, சுகரு."

காது கேட்காதவன் மாதிரி இன்னொரு அரைக் கரண்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கருமத்தம்பட்டியிலிருந்து ஃபோன் அடித்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"மெதுவா மெல்லு அம்மணி," என்றேன். "தறிக்காரங்க காத்திருப்பாங்க."